கடலோர வீட்டின் பன்னிரண்டு தூண்கள்

“எல்லாம் மனசுல இருக்கு முதலாளி” என்று பிலோமின்ராஜ் மேஸ்திரி சொன்னபோது, பக்கத்தில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த சகாயம்மாளின் கை நின்றது. இருபத்தாறு வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறாள். அவர் பொய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. குடித்துவிட்டு வந்த நாட்களில்கூட வாசலிலேயே நின்று குடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

முதலாளி பரக்கத் அலி ராவுத்தர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வரிசையாகப் படுத்துக்கிடந்த பன்னிரண்டு தூண்களையும் ஒரு தடவை பார்த்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து அறைக்குப் போய்விட்டார். வெள்ளம் வடிந்து மூன்று மாதம் ஆகியும் அந்தக் கடையில் ஈரம் காயாத மூலைகள் இருந்தன.

பாலக்கரையில், உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரத்தில் இருந்தது அந்தப் பழைய மரக்கடை. கடலோர ஊர்களில் ஆள் இல்லாமல் கிடக்கும் பெரிய வீடுகளை ராவுத்தர் பேசி முடிப்பார். பிலோமின்ராஜ் பத்துப் பேரோடு போய் ஒரு மாதம் தங்கி, ஓட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்து லாரியில் ஏற்றி அனுப்புவார். கதவு, ஜன்னல், உத்தரம், தூண், படிக்கல், செங்கல் எல்லாம் திருச்சிக்கு வரும். பொன்மலையில் வீடு கட்டுகிறவன் ஜன்னலை வாங்கிப் போவான். உறையூரில் தறிக்கொட்டகை போடுகிறவன் உத்தரம் கேட்டு வருவான். சகாயம்மாள் அந்த ஊர்களில் ஆட்களுக்குச் சமைத்துப் போடுவாள். திருச்சிக்குத் திரும்பினால் மரத்தில் ஆணி பிடுங்குவாள், செங்கல்லில் ஒட்டிய காரையைக் கொத்தி எடுப்பாள். ஒரே மகள் அமலராணியைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருந்து அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இந்தப் பன்னிரண்டு தூண்களும் நாகப்பட்டினத்தில் ஒரு வீட்டு முற்றத்தைச் சுற்றி நின்றவை. போன புரட்டாசியில் போய்ப் பிரித்தார்கள். கடலிலிருந்து நாலாவது தெரு. வீட்டுக்காரர்கள் பினாங்குக்குப் போய் இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. அந்த வீட்டை நினைத்தால் சகாயம்மாளுக்குச் சுவர்தான் ஞாபகம் வரும். மேலே பச்சை வர்ணம். அதைச் சுரண்டினால் மஞ்சள். அதற்கும் கீழே சிப்பிச் சுண்ணாம்பு, கை வைத்தால் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருக்கும். சுண்ணாம்பைத் தட்டினால் விரல் தடிமனில் சின்னச் சின்ன செங்கல். அஸ்திவாரத்துக்குப் போனபோது முழங்கை நீளச் செங்கற்கள் வந்தன, இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. சமையலறைத் தரையைப் பெயர்த்தால் அடியில் இன்னொரு தரை இருந்தது. அடைத்து வைத்திருந்த மாடத்தில் நீலப்பூ போட்ட பீங்கான் ஓட்டுத்துண்டுகள். கப்பலும் காற்றாலையும் வரைந்த ஒன்றை எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டு வைத்தாள், அடுத்த நாள் அது காணாமல் போயிருந்தது.

அடைக்கலம் என்ற தச்சன்தான் சொன்னான், “என்னக்கா ஊரு இது. ஒரு வீட்டப் பிரிச்சா மூணு வீடு வருது.”

சாயங்காலத்தில் பாத்திரம் கழுவிவிட்டு அவள் தெருமுனைக்குப் போய் நிற்பாள். பள்ளிவாசல் மினாரும் கோயில் கோபுரமும் மாதா கோயில் சிலுவையும் ஒரே காற்றில் கறுத்துக்கொண்டிருக்கும். யாரோ கட்டினார்கள், யாரோ வாங்கினார்கள், யாரோ பூட்டிவிட்டுக் கப்பல் ஏறினார்கள். மறுநாள் காலையில் அவள் புருஷன் கடப்பாரையோடு போவார்.

அவருடைய வேலைமுறை ஒன்று உண்டு. பிரிக்கிற ஒவ்வொரு துண்டிலும் சுண்ணாம்பு தொட்டு எண் போடுவார். எந்தத் தூண் எங்கே நின்றது, எந்த உத்தரம் எதன் மேல் உட்கார்ந்தது என்பதெல்லாம் அந்த எண்ணில் இருக்கும். உளியால் வெட்டிவிடலாமே என்று அடைக்கலம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். விற்காத மரத்தில் இரும்பு வைக்கக் கூடாது, வாங்குகிறவன் மூஞ்சியைச் சுளிப்பான் என்று மேஸ்திரி கேட்கவே மாட்டார். திருச்சிக்கு வந்ததும் முழு வரைபடத்தையும் கரித்துண்டால் கிடங்குச் சுவரில் போட்டு வைப்பார். காகிதம் அவருக்குப் பழக்கமில்லை.

ஐப்பசிக் கடைசியில் புயல் அடித்தது. அங்கே நாகப்பட்டினத்தில் அந்தத் தெருவே சரிந்தது என்று பிறகு கேள்விப்பட்டார்கள். இங்கே திருச்சியில் வெள்ளம் கிடங்குக்குள் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. வடிந்தபோது சுவரில் கரியும் இல்லை, மரத்தில் சுண்ணாம்பும் இல்லை. பன்னிரண்டு தூணும் ஒரே நிறத்தில், ஒரே சேற்றில், ஒன்றோடொன்று இடம் மாறிக் கிடந்தன.

பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் அவை ஒரே மாதிரி அல்ல. கையால் இழைத்த மரம். தூணின் உச்சியில் உத்தரத்தின் துளைக்குள் இறங்குகிற முனை ஒன்று இருக்கும், கழுந்து என்பார்கள். ஒன்றின் கழுந்து இன்னொன்றின் துளையில் நிற்காது. மழைத்தண்ணீர் ஓடுவதற்காக அந்த முற்றமே ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததால் உயரத்திலும் அரை விரல், ஒரு விரல் வித்தியாசம் உண்டு. வரிசை தெரியாவிட்டால் அது முற்றம் இல்லை, விறகு.

அதைத்தான் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருக்கும் ஆராவமுதன் என்ற ரிட்டயரான ரயில்வே அதிகாரிக்கு ராவுத்தர் முழு முற்றமாக விலை பேசியிருந்தார். வெள்ளத்தில் அவர் வீட்டின் பின்கட்டு உட்கார்ந்துவிட்டது. மாசிக் கடைசியில் பெண்ணுக்குக் கல்யாணம். அதற்குள் முற்றம் நிற்க வேண்டும்.

பிலோமின்ராஜ் ஏன் பொய் சொன்னார் என்பது சகாயம்மாளுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் காரைக்கால் பக்கம் ஒரு வீட்டில் உத்தரம் சரிந்து அவருடைய வலது தோளில் இறங்கியது. அன்றிலிருந்து கை தோளுக்கு மேலே எழும்பாது. சட்டையை அவள்தான் மாட்டிவிடுவாள். கடை வாசலில் ஒரு ஸ்டூல் கிடந்தது. வருகிற மரத்தை எண்ணி அடையாளம் போடவும் போகிற மரத்தைச் சரிபார்க்கவும் உட்கார்ந்திருந்த கிழவர் தைப்பொங்கலோடு வேலையை விட்டுவிட்டார். ஸ்ரீரங்கத்து வேலையைச் சரியாக நிறுத்திக்கொடுத்தால் ஸ்டூல் மேஸ்திரிக்கு, இல்லாவிட்டால் தன் மச்சானுக்கு என்று ராவுத்தர் சொல்லியிருந்தார். பிலோமின்ராஜ் அந்த ஸ்டூலைக் கடந்து போகும்போதெல்லாம் அதன் மேல் கையை வைத்துவிட்டுப் போவதை அவள் பார்த்திருக்கிறாள். ஐம்பது வயதில் அவர் உலகத்திடம் கேட்டது அது ஒன்றுதான், உட்கார்ந்து செய்கிற ஒரு வேலை.

“மனசுல எத்தன இருக்கு?” என்று அன்று வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்.

“மூணு, நாலு இருக்கும்” என்றார். கொஞ்ச தூரம் போய், “அதுவும் நிச்சயமில்ல” என்றார்.

சேறு கழுவும் வேலை அவளிடம் வந்தது. தேங்காய் நாரும் வாளித் தண்ணீருமாக இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தாள். ஒரு தூணின் உச்சியில், கழுந்தின் தலைப்பில், விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. உளியால் வெட்டிய கோடுகள். பக்கத்துத் தூணிலும் இருந்தன. ஒன்றில் மூன்று கோடு, ஒன்றில் ஏழு, ஒன்றில் பதினொன்று. கூப்பிட்டுக் காட்டினாள். பிலோமின்ராஜ் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தடவி எண்ணினார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் குறையில்லாமல் இருந்தது. எழுந்தபோது அவர் முகம் பத்து வயது குறைந்திருந்தது. அந்தக் காலத்துத் தச்சன் கெட்டிக்காரன் என்று எல்லோரிடமும் சொன்னார். அடைக்கலத்துக்கும் எல்லோருக்கும் தன் காசில் டீ வாங்கிக்கொடுத்தார்.

அதே தூண்களின் அடிப்பக்கத்தைத் தேய்க்கும்போது இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. கல்லுக்குள் இறங்கி நிற்கிற பாகம் அது. கரையான் ஏறாமல் இருக்க யாரோ எப்போதோ தார் பூசியிருந்தார்கள். தார் உரிந்த இடத்தில் கிளை பிரிகிற கவட்டை மாதிரி ஒரு வெட்டு, அதன் பக்கத்தில் இரண்டு கோடு. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. சொல்ல வாயெடுத்தாள். அவர் டீ கிளாஸோடு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்ததால் சொல்லவில்லை.

தூண்களும் உத்தரங்களும் இரண்டு மாட்டு வண்டிகளில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போயின. ஆட்கள் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போனார்கள். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கி ஓட, மீதி முழுக்க மணல். மாசி வெயில் அதற்குள் பங்குனி மாதிரி காய்ந்தது.

ஆராவமுதன் உயரமாக, முதுகு வளையாமல், எதையும் இரண்டு தடவை கேட்கிறவராக இருந்தார். தூண் எந்தத் தேசத்து மரம், அதற்கு முன்னால் யாராத்தில் நின்றது, அதற்கும் முன்னால் யாராத்தில் நின்றது என்று கேட்டார். கடைசியாக இருந்தவர்கள் கப்பல் வியாபாரிகள், அதற்கு முன்னால் டச்சுக்காரன் கட்டியதாகச் சொல்கிறார்கள், அதற்கும் முன்னால் இருந்தது மரத்துக்குத்தான் தெரியும் என்று பிலோமின்ராஜ் சொன்னார். புண்யாகவாசனம் பண்ணி மந்திர ஜலம் தெளித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆராவமுதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருடைய மனைவி வேதவல்லி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மூன்று தூண்களைக் கோட்டு வரிசைப்படி நிறுத்தினார்கள். வியாழக்கிழமை காலையில் முதல் உத்தரத்தை ஏற்றினார்கள். அது உட்காரவில்லை. ஒரு முனை இறங்கினால் மறுமுனை நாலு விரல் தூக்கிக்கொண்டு நின்றது. கழுந்து துளையின் ஓரத்தில் முட்டி முனகியது. இறக்கி வேறொன்றை ஏற்றினார்கள். அது ஆடியது. மத்தியானத்துக்குள் எல்லா உத்தரத்தையும் ஏற்றி இறக்கியாகிவிட்டது. ஆட்கள் சாரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். “ஏன் சேர மாட்டேங்கறது?” என்று ஆராவமுதன் ஒரு தடவை கேட்டார். பிறகு மறுபடியும் கேட்டார்.

சொல்லி அனுப்பியதில் ராவுத்தர் மூன்று மணிக்கு வந்தார். சாரத்தில் ஏற முடியாத உடம்பு. கீழே கிடந்த தூணின் தலைப்பைக் குனிந்து பார்த்தார். விரலால் கோடுகளை ஒன்றிரண்டு தடவை தடவினார்.

“மேஸ்திரி, இத வச்சா நிறுத்துனீங்க?”

“ஆமா முதலாளி. தச்சன் குறி.”

“இது தச்சன் குறி இல்ல. கப்பல்லேருந்து மரத்த இறக்கும்போது எண்ணிக்கைக்கு வெட்டுறது. மொத மரம், ரெண்டாவது மரம்னு. எங்க அத்தா நாகப்பட்டினத்துத் துறையில கட்ட எறக்குனவரு. இதே மாதிரிதான் வெட்டுவாரு.” நிமிர்ந்தார். “மனசுல இருக்குன்னீங்களே?”

பிலோமின்ராஜ் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றி ஆட்கள் இருந்தார்கள், ஆராவமுதன் இருந்தார், ஜன்னலில் வேதவல்லி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் நிற்காவிட்டால் மச்சான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து கழுந்தையெல்லாம் அறுத்துவிட்டு இரும்புத் தகடு வைத்து நிறுத்திவிட்டுப் போவான் என்று ராவுத்தர் மெதுவாகத்தான் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் வீட்டில் புருஷன் தோளில் வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தபடி சகாயம்மாள் சொன்னாள், “அடியிலயும் குறி இருக்குங்க.”

“என்ன குறி?”

“நம்ம கோயில்ல சிலுவைப்பாதைப் படத்துக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டிருக்கில்ல, அந்த மாதிரி. கவட்டையும் கோடும்.”

“தாரு வெடிச்ச கீறலா இருக்கும்.”

“கீறல் இல்லீங்க. வெட்டு.”

“ஒரு குறிய நம்பித்தான் இன்னிக்கு ஊரு முன்னாடி நின்னேன் சகாயம்” என்றார். “இன்னொண்ணு வேணாம். விட்டுரு.” அதற்கப்புறம் அவர் சோற்றைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சோற்றுச் சட்டியை மூடி வைத்தாள்.

மறுநாள் தவக்காலத்து வெள்ளி. அவளுக்கு ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். சாயங்காலம் சகாயமாதா கோயிலில் சிலுவைப்பாதை, ஆண்டவர் சிலுவை சுமந்து போனதைப் படம் படமாக முழந்தாளிட்டுச் சொல்லுகிற ஜெபம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு தவக்கால வெள்ளிகூட அவள் விட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது, ரோமன் எண் என்ற பேரும் தெரியாது. ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் பதினாலு ஸ்தலங்களையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். ஒற்றைக் கோடு, தீர்ப்பிடப்படுவது. இரண்டு கோடு, சிலுவை சுமப்பது. கவட்டை என்றால் ஐந்தாவது, சீமோன் கை கொடுப்பது. குறுக்குப் போட்டால் பத்து, வஸ்திரத்தை உரிவது. குறுக்கும் இரண்டு கோடும் பன்னிரண்டு, உயிர் பிரிவது.

ஸ்ரீரங்கத்தில் ஆட்கள் வேலை இல்லாமல் மணல் குவியல் நிழலில் படுத்திருந்தார்கள். பிலோமின்ராஜ் கொல்லைக் கிணற்றோரம் பீடி பற்றவைத்துக்கொண்டு ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சகாயம்மாள் அடைக்கலத்தைக் கூப்பிட்டு, கீழே கிடக்கிற ஒன்பது தூணின் அடியிலும் தாரைச் சுரண்டச் சொன்னாள்.

“மேஸ்திரி சொன்னாரா?”

“நான் சொல்றேன்.”

“அப்ப சரி. அவரு சொல்லியிருந்தாத்தான் யோசிக்கணும்” என்று உளியை எடுத்துக்கொண்டு வந்தான்.

தார் கறுப்புச் செதில்களாக உதிர்ந்தது. அவள் ஒவ்வொரு தூணின் அடியிலும் முழங்காலிட்டுக் குனிந்து, முந்தானையால் துடைத்து, விரலை ஓட்டினாள். குறுக்கும் இரண்டு கோடும். ஒன்று. இரண்டு. அடுத்ததில் நாலு கோடு தனியாக இருந்தது. அங்கே அவளுக்குக் குழப்பம் வந்தது. கோயிலில் நாலாவது ஸ்தலம், மாதா எதிரே வருவது, அதற்கு ஒரு கோடும் ஒரு கவட்டையும். இங்கே வெறும் நாலு கோடு. மனசு தளர்ந்தது. அவர் சொன்ன மாதிரிதானோ. ஆனாலும் எழுந்து அடுத்ததற்குப் போனாள். கவட்டை. குறுக்கும் ஒரு கோடும். பிறகு கவட்டையும் மூன்று கோடும். எண்ணத் தெரிந்த யாருக்கும் நாலு கோடு நாலுதானே, அந்தத் தச்சன் சிலுவைப்பாதைக்கா வெட்டினான் என்று அப்போதுதான் தோன்றியது. குனிவதும் எழுவதுமாக அவள் முழங்கால் விட்டுப்போனது. வெயில் முதுகில் ஏறியது.

“ஏண்டியம்மா, ஒவ்வொரு தூணையும் சேவிக்கறே?” என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. வேதவல்லி.

சகாயம்மாள் என்ன சொல்வது என்று தெரியாமல், “எங்க கோயில்ல இப்படித்தாங்கம்மா போவோம். ஒவ்வொண்ணா முழந்தாள் போட்டு” என்றாள்.

“கார்த்தாலேர்ந்து ஜலம்கூடக் குடிக்கலையே நீ.”

“ஒருசந்திங்கம்மா.”

“உங்காத்திலயும் ஏகாதசி உண்டோ” என்று வேதவல்லி ஆச்சரியத்தோடு சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்பு மோரைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். மோருக்குத் தோஷம் இல்லை என்று உள்ளேயிருந்தபடி சேர்த்துச் சொன்னாள்.

கிடந்த ஒன்பதையும் பார்த்தாகிவிட்டது. இல்லாதவை மூன்று. அவள் விரல்விட்டுப் பார்த்தாள். மூன்றாவது, ஏழாவது, ஒன்பதாவது. ஆண்டவர் விழுகிற ஸ்தலங்கள் மூன்றும். அவை இரண்டு நாளாக எதிரே விறைப்பாக நின்றுகொண்டிருந்தன.

“விழுறது மூணும்தான் நிக்குது” என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. அடைக்கலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவன் இறக்கிப் போட்டிருந்த உத்தரங்களைப் புரட்டி, அடியில் அடை அடையாகக் கிடந்த வர்ணத்தைச் சுரண்டினான். ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் அதே கோடும் கவட்டையும் இருந்தன. எந்தத் தூண் எந்தத் துளைக்கு என்று முந்நூறு வருஷமாகவோ எத்தனை வருஷமாகவோ அது எழுதியே இருந்தது. வர்ணத்துக்கு மேல் வர்ணம் பூசியதில் யாரும் பார்க்கவில்லை.

அவள் கிணற்றோரம் போனாள். பிலோமின்ராஜின் இடது கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து, ஐந்தாவது தூணின் அடியில் அவர் விரலை வைத்தாள். அப்புறம் உத்தரத்தின் துளையோரத்தில் வைத்தாள். அவர் குனிந்து கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

“நேத்தே சொன்ன” என்றார்.

“சொன்னேன்.”

“அடிச்சாவது சொல்லியிருக்கலாமில்ல.”

“தோளு வலிக்குதுன்னு படுத்திருந்தீங்க.”

நின்ற மூன்றையும் முதலில் இறக்க வேண்டும். இரண்டு பத்திரமாக இறங்கின. மூன்றாவதில், அந்த ஒன்பதாவது தூணில், கயிறு நழுவியது. கீழே அடைக்கலம் நின்றிருந்தான். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கத்தவுமில்லை. பிலோமின்ராஜ் இரண்டு எட்டு முன்னால் வந்து தோளைக் கொடுத்தார். பழக்கதோஷத்தில் வலது தோளைத்தான் கொடுத்தார். தூண் அவர் மேல் சாய்ந்து, அவரோடு சேர்ந்து மெதுவாக, மிக மெதுவாக மணலில் இறங்கியது. அடைக்கலத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள். இனி இந்தக் கை சோறு அள்ளும், அதற்கு மேல் கேட்காதே என்று டாக்டர் சொன்னார். அன்று சிலுவைப்பாதைக்கு மணி அடித்தபோது அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இரு என்று சொல்லியும் கேட்காமல் மறுநாள் ஸ்ரீரங்கத்துக்கு வந்து, தாழ்வாரத்தில் விரித்த பாயில் சாய்ந்துகொண்டு வாயால் வேலை செய்தார். எந்த மூலையில் ஆரம்பிப்பது என்ற கேள்வி வந்தது. ஈசான்யத்தில் ஆரம்பிக்கச் சொல்லி ஆராவமுதன் ஒரே தடவைதான் சொன்னார். சகாயம்மாள் எண் சொல்லச் சொல்ல ஆட்கள் தூக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அவர்கள் போகவில்லை. அன்று மத்தியானம் கடைசி உத்தரம் துளைக்குள் ஒரு முனகல்கூட இல்லாமல் இறங்கியது. எப்போதும் அங்கேயே இருந்துவிட்டு இரண்டு நாள் வெளியூர் போய் வந்தது மாதிரி உட்கார்ந்தது. பன்னிரண்டு நிழலும் புதுத் தரையில் விழுந்தன. ஆராவமுதன் ஒரு வாளித் தண்ணீரை முற்றத்தில் ஊற்றினார். அது தயங்காமல் ஒரு மூலையைத் தேடி ஓடியது. “ஓடறது பார்” என்று மனைவியிடம் சொன்னார், இரண்டு தடவை.

ராவுத்தர் வந்து சுற்றிப் பார்த்தார். பாயில் சாய்ந்திருந்த பிலோமின்ராஜ் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் அப்படியே சொன்னார்.

“முதலாளி, இது என் கணக்கு இல்ல. சகாயம் கண்டுபுடிச்சது. என் மனசுல அன்னிக்கும் ஒண்ணுமில்ல.”

“தெரியும் மேஸ்திரி.”

“எப்பலேருந்து?”

“வெள்ளம் வடிஞ்ச அன்னிக்கே. சுவத்த நானும் பாத்தேன்ல.” தொப்பியை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டார். “வேற யாருகிட்டப் போயி கேக்குறது? வீடும் இல்ல, தெருவும் இல்ல. உங்க வாயால இருக்குன்னு ஒரு வார்த்தையாவது இருக்கட்டுமேன்னு விட்டேன்.” போகும்போது திரும்பி, “வாசல்ல வந்து உக்காருங்க” என்றார். “மச்சான்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

உயிர்த்த ஞாயிறு முடிந்த இரண்டாவது திங்கட்கிழமை நாகப்பட்டினத்திலிருந்து லாரி வந்தது. புயலில் சரிந்த அதே தெருவில் இன்னொரு வீடு. இந்தத் தடவை பிரிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லையாம், பொறுக்கி எடுத்தால் போதும் என்று அடைக்கலம் லாரியிலிருந்து குதித்தபடி சொன்னான். மரமெல்லாம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது.

பிலோமின்ராஜ் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கட்டு அவிழ்த்தாகிவிட்டது, கை மடியில் கிடந்தது. முதல் நாள் மாதிரி இப்போது அதில் உட்காரும்போது அவர் முகம் மலர்வதில்லை. ஆனால் எழும்போது முகம் சுளிப்பதுமில்லை. வருகிற ஒவ்வொரு மரத்திலும் அடையாளம் போட வேண்டும். சுண்ணாம்பு வேண்டாம், உளியால் வெட்டிவிடு என்று அவரே சொல்லிவிட்டார். வெட்டுவதற்கு அவருக்குக் கை இல்லை. அதனால் உளியும் கொட்டாப்புளியும் சகாயம்மாளிடம் வந்தன. ஆணி பிடுங்குவது, காரை கொத்துவது, அவருக்குச் சட்டை மாட்டுவது, அதோடு இதுவும். ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. அவள் நின்றுகொண்டோ குந்திக்கொண்டோ வெட்டினாள்.

மரத்தில் வளைந்த எழுத்தை வெட்டுவது கஷ்டம், கோடுதான் சுலபம் என்று முதல் மரத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பழைய தச்சனும் இதற்காகத்தான் அப்படி வெட்டியிருப்பான். ஒற்றைக் கோடு. இரண்டு கோடு. மூன்று. நாலுக்கு அவனை மாதிரியே நாலு கோடு போட்டாள். கவட்டை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் யாரோ எருமையைக் குளிப்பாட்டினார்கள். குறுக்கு. குறுக்கும் கோடுகளும். ராவுத்தர் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, இது எந்த ஊர்ப் பாஷை தங்கச்சி என்று கேட்டார். கோயில் பாஷை என்றாள். சிரித்துக்கொண்டே போனார்.

பதினாலாவது மரத்தை வெட்டி முடித்ததும் அடுத்ததைப் போட்டார்கள். அது ஒரு கதவு நிலை. சகாயம்மாள் உளியை வைத்துவிட்டு எடுத்தாள்.

“என்ன?” என்றார் பிலோமின்ராஜ்.

“பதினாலோட முடிஞ்சு போச்சுங்க. அடக்கம் பண்ணியாச்சு. அதுக்கு மேல கோயில்ல படம் இல்ல.”

அவர் யோசித்தார். சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்த்தால் அவருக்கும் தெரியவில்லை. லாரியில் இன்னும் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தது.

“அப்ப திரும்பவும் ஒண்ணுலேருந்து வெட்டு” என்றார். “பக்கத்துல ஒரு புள்ளி மட்டும் வச்சுக்க.”

அவள் இடது கையால் இடுப்பைப் பிடித்து ஒரு தடவை நிமிர்ந்தாள். பிறகு குனிந்து, நிலையின் ஓரத்தில் உளியை நேராக வைத்து, ஒற்றைக் கோட்டை வெட்டத் தொடங்கினாள்.